கடை மாறி வந்தவர்

சோற்றுக்கடை வைத்துச் சீரழிந்த என் கூட்டத்தாருக்குத் தெரியும்: சாப்பிட வந்தவன் முகத்தைப் பார்த்துப் பயனில்லை, இலையைப் பார்க்கவேண்டும்.

தூக்கிய கை

கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கரண்ட் விளக்கு வந்த புதிது. அன்று ஆண்டர்சன்பேட்டையில் என் கடையில் ஐந்து பேர்: ஸ்கெலட்டன் லைன் கூலிக்குடியிருப்பில் வளர்ந்த முனுசாமி, தங்கம் எடுப்பதைப் பார்க்க அவனோடு பெங்களூர்க் காலேஜிலிருந்து வந்த கூட்டாளிகள் ரங்கனும் தேவசகாயமும், வாசல் பெஞ்சில் சுரங்கத்துக் காவல்காரர், நான். தன் அப்பா சுரங்க ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டர் என்று முனுசாமி அவர்களிடம் சொல்லி வைத்திருந்தான். அதனால்தான் வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் என் கடையில் சாப்பாடு.

அவன் அப்பா குப்பன் சுரங்கத்துக்குள் ஷிஃப்ட் முடிந்து, மகனைப் பார்க்கச் சேற்றுடம்போடு அப்படியே வந்தார். தங்கத்தை உடம்பிலோ வாயிலோ ஒளித்திருக்கிறாரா என்று சுரங்கத்துக் கேட்டில் தினமும் அவரைச் சோதிப்பது அந்தக் காவல்காரர்தான். வாசலில் அவரைக் கண்டதும் குப்பன் தன்னை அறியாமல் இரண்டு கையையும் தூக்கி, வாயைத் திறந்து நின்றுவிட்டார்.

ரங்கன் சிரித்தான். "யாருடா இந்த ஆளு?"

முனுசாமி இலையைப் பார்த்தபடி, "தெரியல" என்றான். எனக்குத் தெரியும், நானும் குனிந்து குழம்பு ஊற்றினேன். குப்பன் கையை இறக்கி என்னிடம் சொன்னார்: "கடை மாறி வந்துட்டேங்க."

திரும்பி வந்த தூக்கு

கூட்டாளிகள் ரயிலேறினார்கள். காலேஜ் திறந்தும் முனுசாமி போகவில்லை. குப்பன் தினமும் மகனுக்காக என்னிடம் தூக்குவாளியில் கஞ்சி வாங்கிப் போவார். மறுநாள் அது அப்படியே திரும்பி வரும். காய்ச்சலா என்று கேட்டேன்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. செவுத்தையே பார்த்துக்கினு படுத்துக்கீறான். எனக்கெல்லாம் சோறு இன்னாத்துக்குன்றான். நான்தாங்க அன்னைக்குக் குளிச்சிட்டு வந்திருக்கணும்."

சுவர்ப்பக்கம்

காலேஜுக்கு வராதவனைத் தேடி தேவசகாயம் பெங்களூரிலிருந்து வந்தான். தூக்கை எடுத்துக்கொண்டு நானும் கூட அவர்கள் வீட்டுக்குப் போனேன். முனுசாமி சுவர்ப்பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"அப்பனையே தெரியாதுன்னவன்டா நான். போயிடு."

தேவசகாயம் பாயோரம் உட்கார்ந்தான். "எங்கப்பா குதிரை லாயத்துல சாணி அள்றாரு. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அதுக்கு என்னைப் பட்டினி போடுவியா?"

"உன்னை எதுக்குடா?"

"அப்போ உன்னை மட்டும் எதுக்குடா போடுறே?"

இரண்டு இலை

ஞாயிற்றுக்கிழமை அப்பனும் மகனும் வந்தார்கள். பெஞ்சில் அதே காவல்காரர். குப்பனின் கைகள் மறுபடி எழுந்தன. முனுசாமி அவற்றில் ஒன்றைப் பிடித்துக் கீழே இறக்கி உள்ளே கூட்டிவந்தான். தலை நிமிரவில்லை. "எங்கப்பாவுக்கும் ஒரு இலை போடுங்க" என்றான். ஆளுக்கு இரண்டு களி உருண்டை வைத்தேன். குப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்குக் கடை மாறலைங்க."

முனுசாமி ஒன்றரை உருண்டை சாப்பிட்டிருந்தான், இலையில் அரை உருண்டைதான் மிச்சம். இத்தனை வருஷத்தில் மிச்சத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.