மேற்கே இறங்கிய கை

விமானச் சத்தம் கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடிப்போய்ப் பார்த்த காலம் அது. விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ராக்கெட்டுகளை விட்டுப் பார்த்துச் சரிசொல்வது என் வேலை. ஒருநாள் முதலாளி ஒரு டீச்சரை அழைத்து வந்தார். வெள்ளைக் கைத்தறிச் சேலை, ஒல்லியான உருவம். விமானம் ஓட்டும் பரீட்சைக்குப் படிக்கிறாராம். பகல் வெளிச்சத்தில் ஒரு ராக்கெட் விட்டுக் காட்ட வேண்டுமாம்.

பொட்டலில் நின்றதும் கண்ணை மூடி முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். இரண்டு காதிலும் காற்று ஒரேபோல் இரைந்தால் அது நேர் எதிரே வருகிறது என்றார்.

இருப்பதில் நல்ல ராக்கெட்டாகப் பார்த்துப் பற்றவைத்தேன். ஏறியது, வெடிக்கவில்லை. எனக்கு மானமே போயிற்று.

“இன்னொண்ணு விடுதேன் டீச்சர்.”

“வேண்டாம்ண்ணே. புகையப் பாருங்க.”

கீழே கிழக்குப் பக்கம் சாய்ந்த புகை, பனை உயரத்துக்கு மேலே மேற்கே வளைந்திருந்தது.

“விமானம் காத்துக்கு எதிராத்தான் இறங்கணும். மேல அடிக்கிற காத்தை நம்பிக் கிழக்க பாத்து இறங்குனா, தரைக்கிட்ட வந்ததும் காத்து முதுகுல பிடிச்சுத் தள்ளும். விமானத்தை நிறுத்த முடியாது.”

“எம்புட்டுத் தடவ பறந்திருக்கீக?”

“இன்னும் ஏறினதே இல்லண்ணே.”

சொல்லிவிட்டு அண்ணாந்தே நின்றார். அவருடைய வலது உள்ளங்கை மட்டும் மேற்கு நோக்கி, அந்தப் புகையினூடே இறங்குவதுபோல மெல்ல மெல்லத் தாழ்ந்து வந்தது. அது அசையாமல் நிற்கும்வரை நான் மூச்சுவிடவில்லை.