பொன்னாடைக்கு ஒரு தமிழ்ச் சிப்பாய்

எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தை நான் ஒருநாளும் மதித்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ஹட்டனில் ஒரு ஹோட்டல் மேல்மாடியில் கூடுவார்கள். செத்துப்போனவர்களுக்கு ஒரு நிமிஷ மௌனம் என்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் யாராவது ஒருவருடைய போன் சினிமாப் பாட்டுப் பாடும். அப்புறம் சாப்பாடு, அப்புறம் அடுத்த தலைவர் யார் என்ற சண்டை. நான் அதில் இருந்ததற்குக் காரணம், மேடையில் தமிழில் அறிவிப்புச் செய்ய அவர்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டதுதான். நான் பக்கத்துப் பாடசாலையில் டீச்சர். கூப்பிட்டால் போய்விடுவேன்.

தலைவர் கட்டடம் கட்டிக்கொடுக்கும் கொந்தராத்துக்காரர். பேசும்போது எதிரில் இருப்பவரின் தோளைத் தட்டுகிற பழக்கம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் அவர் எழுந்து, யுத்த காலத்தில் நாட்டுக்குச் சேவை செய்த எங்கள் பழைய மாணவர்களைக் கௌரவிக்கப் போகிறோம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கல்லூரியில் சிங்களப் பிரிவு இருந்த காலத்தில் படித்த ஒருவர், படையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மேலிடத்தில் செல்வாக்கோடு இருந்தார். கல்லூரி மண்டபத்துக்குப் புதுக் கூரை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். கூரைக்குப் பதிலாக ஒரு மாலை, ஒரு கல்வெட்டு. வியாபாரம் அவ்வளவுதான்.

அதிகாரியோடு, விமானப் படையில் கிளார்க்காக இருந்த இன்னொரு சிங்களவரும் சேர்ந்தார். இரண்டு பேரும் சிங்களவர்கள் என்றால் போட்டோ நன்றாக இருக்காது என்று யாரோ சொன்னார்கள். அப்போதுதான் தலைவருக்கு அண்ணன் ஞாபகம் வந்தது.

அண்ணன் என்று சொல்கிறேனே தவிர சொந்தம் ஒன்றும் இல்லை. கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். றொசல்ல ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். எங்கள் வீடு அதே தோட்டத்தில் அடுத்த டிவிஷன். ஸ்டேஷன் குவாட்டர்ஸ் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் அவருக்குச் சிங்களம் தாய்மொழி மாதிரி வரும். ஏ.எல். பரீட்சை முடித்துக் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடைக்கு வேலைக்குப் போனார். ஒரு சுற்றிவளைப்பில் படையினர் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்தபோது, சிங்களம் தெரியாத மற்றவர்களுக்காக அவர் பேசிக் கொடுத்ததை வேறு ஒரு அதிகாரி பார்த்திருக்கிறார். "நீ வெளியே போனால் திரும்பவும் பிடிப்பார்கள். எங்களோடு சேர்ந்துவிடு" என்று அந்த ஆள் சொன்னாராம். அண்ணன் சேர்ந்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் வேலை. அதிகாரிகள் சொல்வதைத் தமிழில் மக்களுக்குச் சொல்ல வேண்டும், மக்கள் சொல்வதைச் சிங்களத்தில் அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்த பிறகும் வடக்கே மக்களை அடைத்து வைத்திருந்த முகாம்களில் அதே வேலைதான்.

தோட்டம் அவரை மன்னிக்கவில்லை. அவருடைய அப்பா செத்தபோது லயத்தில் பெட்டி தூக்க ஆள் வரவில்லை. ஸ்டேஷனில் வேலை பார்த்த இரண்டு சிங்களவர்களும் அண்ணனும் அவருடைய மாமாவும்தான் தூக்கினார்களாம். நான் அப்போது ஆசிரியர் கலாசாலையில் இருந்தேன், அம்மா சொல்லித்தான் தெரியும். அதற்கு அடுத்த வருஷம் வட்டவளையில் ஒரு கல்யாணம். அதில் நான் இருந்தேன். அண்ணன் பந்தியில் வந்து உட்கார்ந்ததும் ஒரு ஆள் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "காட்டிக் குடுக்கிறவன் இருக்கிற பந்தியில நான் சாப்பிட மாட்டேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். இப்போதைய தலைவர்தான் அவர். அடுத்த பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்ததையும் பார்த்தேன்.

அந்தத் தலைவர்தான் என்னையும் ஏற்றிக்கொண்டு ராகலைக்குப் போனார். அண்ணன் கல்யாணம் கட்டி, மனைவியின் ஊரான ராகலையிலேயே மரக்கறித் தோட்டம் போட்டு இருந்தார். நாங்கள் போனபோது உருளைக்கிழங்குக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தலைமுடி நரைத்திருந்தது. தலைவரை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது என்பது அவர் பார்த்த பார்வையில் தெரிந்தது.

"நம்ம காலேஜுக்கே நீங்க ஒரு பெருமை தம்பி" என்று தலைவர் தோளைத் தட்டினார்.

"எப்பலேருந்துங்க?" என்றார் அண்ணன்.

தலைவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். பொன்னாடை, கேடயம், கல்வெட்டில் பெயர், பத்திரிகையில் போட்டோ என்று சொல்லிக்கொண்டே போனார். அண்ணனுடைய மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"இவரு எங்கயும் வர மாட்டாருங்க" என்றாள். "எங்களை இப்படியே விட்டுருங்க."

அண்ணன் அவளைப் பார்க்காமல் தேத்தண்ணீரை எடுத்தார். பிறகு, "வர்றேன்" என்றார்.

அவள் உள்ளே போய்விட்டாள். எனக்கும் கசந்துபோனது. திரும்பி வரும் வழியில் தலைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு, "பாத்தீங்களா டீச்சர்? பொன்னாடைன்னா யாரு வேணாம்பாங்க?" என்றார். இந்த மனுஷனும் இவ்வளவுதானா என்று அண்ணன்மேல் எனக்கிருந்த கொஞ்ச நஞ்ச மதிப்பும் போயிருந்தது.

விழா நாளன்று தூறல். கல்லூரிப் பிள்ளைகளைக் காலையிலேயே வெள்ளைச் சீருடையில், கையில் கொடியோடு, பாதையோரத்தில் நிறுத்திவிட்டார்கள். அதிகாரி வந்தபோது கொடிகள் நனைந்து குச்சியில் ஒட்டிக் கிடந்தன. சங்கத்துக்காரர்கள் ஒரே நிறத்தில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, அவர் காலடியைப் பார்த்தபடி பின்னாலேயே ஓடினார்கள். அதில் ஒருவர் அவருக்குக் குடை பிடித்த வேகத்தில் பாண்ட் வாசித்த பிள்ளை ஒன்றை இடித்துத் தள்ளினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் பஸ்ஸில் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பழைய கோட்.

"மெடல் எங்க தம்பி?" என்று தலைவர் பதறினார்.

"பொட்டியில இருக்குங்க."

"போட்டுக்கிட்டு வந்திருக்கலாமே!"

"நீங்க கேக்கலீங்களே."

மேடையில் அதிகாரிக்கு வெள்ளைத் துணி போர்த்திய சோபா. கிளார்க்குக்கு மெத்தை வைத்த நாற்காலி. அண்ணனுக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதிகாரி சிங்களத்தில் பேசப்போகிறார், மண்டபத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ்தான் புரியும் என்பது அந்தக் கடைசி நிமிஷத்தில்தான் தலைவருக்கு உறைத்தது. என் காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"நம்மாளு இருக்கான்ல, அவனே தமிழ்ல சொல்லட்டும். அவன் வேலையே அதானே?"

"அவரு இன்னைக்கு விருந்தாளிங்க."

"அதனால என்னா டீச்சர், வாய் தேஞ்சா போயிரும்?"

அண்ணனிடம் அவரே போய்ச் சொன்னார். பொன்னாடை இன்னும் போர்த்தவில்லை. கௌரவிக்கக் கூப்பிட்ட ஆளை எழுப்பி, பழைய வேலையையே மறுபடி செய்ய வைத்தார்கள். அண்ணன் மறுக்கவில்லை. இரண்டாவது மைக்கை வாங்கிக்கொண்டு அதிகாரிக்கு ஒரு அடி பின்னால் நின்றார். நிற்க வேண்டிய இடம் யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

அதிகாரி நன்றாகத்தான் பேசினார். கல்லூரி நாட்கள், கிரிக்கெட், தண்டனை வாங்கியது எல்லாம் சொன்னார். அண்ணன் அதைத் தமிழில், அளவாக, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னார். பிள்ளைகள் சரியான இடத்தில் சிரித்தார்கள். பிறகு அதிகாரி அண்ணனைக் கையால் காட்டி, "இந்த மாதிரித் தமிழ்ப் பிள்ளைகள் யாரும் கேட்காமல் தாங்களாகவே விரும்பி எங்களோடு வந்து சேர்ந்தார்கள்" என்றார். அண்ணன் அதையும் தமிழில் சொல்லிவிட்டு, "அப்படின்னு ஐயா சொல்றாங்க" என்று சேர்த்தார். ஆசிரியர்கள் பக்கம் லேசாக ஒரு சலசலப்பு. தலைவர் பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்து அதிகாரி முகாம்களைப் பற்றிப் பேசினார். "அங்கிருந்த மக்களை நாங்கள் சொந்தப் பிள்ளைகள் மாதிரிப் பார்த்தோம். எங்களை விட்டுப் பிரிய மனமில்லாமல் அழுதுகொண்டுதான் போனார்கள்" என்றார். சொல்லிவிட்டு, தமிழுக்காக நிறுத்தினார்.

அண்ணன் பேசவில்லை. மைக்கில் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

"அழுதது உண்மைங்க" என்றார் அண்ணன், தமிழில். "ஏன் அழுதாங்கன்னு எனக்குத் தெரியும். நாந்தான் அவங்க சொன்னதை ஒவ்வொண்ணாக் கேட்டு இவங்களுக்குச் சொன்னவன். இதை என்னால சொல்ல முடியாது."

அதையே சிங்களத்திலும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. மைக்கை மேசைமேல் வைத்துவிட்டுப் பக்கத்துப் படியால் இறங்கினார்.

அதிகாரி, "ஹரி, ஹரி" என்று, சரி சரி என்கிற மாதிரிக் கையை அசைத்துவிட்டு மீதிப் பேச்சைச் சிங்களத்திலேயே பேசி முடித்தார். ஒரு சொல்லும் புரியாத கூட்டம் நிறுத்திய இடத்திலெல்லாம் கை தட்டியது. முதல் வரிசையில் சங்கத்துக்காரர்கள் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். தலைவர் என்னைப் பார்த்து, நடனத்தை அறிவியுங்கள் என்று சைகை காட்டினார். நான் கையிலிருந்த கடதாசியை அவருடைய கதிரையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அண்ணனைப் பிடித்தேன். தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இதைச் சொல்லணும்னுதான் வந்தீங்களாண்ணே?"

"இல்ல தங்கச்சி. மாலை போடுறப்ப அந்தாளு மொகம் எப்படி இருக்கும்னு பாக்கத்தான் வந்தேன். நான் உக்காந்த பந்திய விட்டு எந்திரிச்சுப் போனவன்ல?" கொஞ்சம் சிரித்தார். "அத்தன வருசமா அவங்க சொன்னதையெல்லாம் சொன்னவன்தானே நான். இன்னைக்கும் சொல்லிருவேன்னுதான் நெனச்சேன். அந்த எடத்துல நாக்கு எழும்பல."

கல்வெட்டில் இரண்டு பெயர்தான் வந்தது. மூன்றாவது பெயருக்காக விட்டிருந்த இடத்தில் ஒரு பூ செதுக்கினார்கள். கூரையும் வந்தது. நன்றிகெட்டவன், பழைய புத்தி போகவில்லை என்று தலைவர் ஊரெல்லாம் சொன்னார். முன்பு காட்டிக்கொடுப்பவன் என்று சொன்ன அதே வாய். நான் சங்கத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, வேறு ஒரு டீச்சர் கிடைத்துவிட்டார்.

அதைவிடக் கேவலம் பிறகு நடந்தது. மேடையில் நடந்ததை யாரோ போனில் பிடித்துப் போட்டிருந்தார்கள். திடீரென்று அண்ணன் வீரனாகிவிட்டார். றொசல்லையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் மாலையோடு ராகலைக்குப் போனார்கள். பெட்டி தூக்க வராத அதே லயத்து ஆட்கள். அண்ணன் வேலிக்கு வெளியிலேயே அவர்களை நிறுத்தி, "எனக்கு வேலை கெடக்கு, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். வழியில் நுவரெலியாவில் இறங்கிப் பூந்தோட்டம் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். திமிர் பிடித்தவன் என்று இப்போது அவர்களும் சொல்கிறார்கள்.

சிவில் உடுப்பில் இரண்டு பேர் ஒருநாள் வந்து, யாரோடு பழக்கம், யார் இப்படிப் பேசச் சொன்னது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அண்ணன் பல வாரம் தோட்டத்துக்கு இறங்காமல் வீட்டுக்குள்ளேயே இருந்தாராம். வாகனச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாராம். இதை அவருடைய மனைவி போனில் சொன்னாள். "நீங்களும் அந்த வண்டியிலதானே டீச்சர் வந்தீங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் அவள் பேசுவதில்லை, போனை அவரிடம் கொடுத்துவிடுகிறாள்.

அவளுடைய கோபம் எனக்கு வலிக்கிறது. மற்ற யாருடைய கோபத்தையும் நான் சட்டை செய்வதில்லை.