நான் பிடித்து வைத்த கையெழுத்து

உன் அம்மாவின் கர்ப்பப்பை போனதற்குக் காரணம் அந்த டாக்டரம்மா இல்லை, கண்ணு. நான்தான்!

இதைச் சொல்ல எனக்கு இருபத்து நான்கு வருடம் ஆகியிருக்கிறது. உன் வயிற்றிலும் பிள்ளையோடு ஒரு கட்டி இருக்கிறதென்று நீ எழுதிவிட்டாய். இனியும் மறைத்தால் நான் தகப்பனா?

அப்போது நான் நாகலூர் எஸ்டேட்டில் கவாத்து மேஸ்திரி. எந்தக் கிளையை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று காபிச் செடியைப் பார்த்ததுமே சொல்லிவிடுவேன். என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்தத் திமிரோடுதான் சேலத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன்.

உள்ளே உன் அம்மா வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். கர்ப்பப்பையில் உள்ள கட்டி பிள்ளை வரும் வழியை அடைத்திருக்கிறது, வயிற்றைத் திறந்துதான் பிள்ளையை எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சம்மதக் காகிதத்தை நீட்டினார்.

“எப்படியும் வயித்தத் தொறக்கறீங்க. அந்தக் கட்டியையும் சேத்து எடுத்துப்போடுங்க” என்றேன்.

“இப்ப அதத் தொடக் கூடாதுங்க. வெட்டுனா ரத்தம் லேசுல நிக்காது. பிள்ளை பொறந்தப்பறம் அதுவே சுருங்கினாலும் சுருங்கும். உங்க சம்சாரத்தையும் ஒரு வார்த்தை கேக்கறேன்.”

“அவளுக்கு என்னங்க தெரியும்? மறுக்கா மலையில இருந்து தூக்கிட்டு வர நம்மால ஆகாது. எடுக்கறேன்னு சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்.”

பேனா என் கையில்தான் இருந்தது. அவள் அலறியது கேட்டது... அப்படியும் நின்றேன்!

“சரி, எடுக்கப் பாக்கறேன். போடுங்க சீக்கிரம்” என்றார் டாக்டரம்மா.

கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நீ அழுத சத்தம் கேட்டது. பின்னாலேயே நர்ஸம்மா ரத்தத்துக்கு ஓடினார். கட்டியை எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவேயில்லை. உன் அம்மாவின் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையையே எடுத்தார்கள்.

காய் பிடித்த செடியில் கத்தி வைத்தான் என்று ஒருவனை வேலையை விட்டே விரட்டியவன் நான். அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போயிற்று?

கண் விழித்ததும் உன் அம்மா கேட்டாள்: “ஏனுங்க, எதுக்குங்க அப்படிப் பண்ணாங்க?”

“அவங்களா முடிவு பண்ணிட்டாங்க” என்றேன். தடுமாறாமல் வந்தது பொய்!

நீ நாலாம் வகுப்பு படித்தபோது ஒண்டிக்கடை முக்கில் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? ஆசையாக உன் கன்னத்தைத் தொட வந்தவரின் கையை அம்மா தட்டிவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுத்து அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை.

“பாத்தீங்களா, வாயத் தொறக்கறாங்களான்னு! தப்புப் பண்ணுனவங்களுக்கு எங்கிருந்து பேச்சு வரும்?” என்றாள் அம்மா.

“ஆமா” என்றேன்.

கண்ணு, உன் டாக்டர் கட்டியை இப்போது தொட வேண்டாம் என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனாலே கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்று அம்மா உன்னைப் பயமுறுத்தி வைத்திருக்கிறாள். அந்தப் பயம் என் பொய்யில் முளைத்தது. தைரியமாகப் போ. கேட்க வேண்டியதை நீயே கேள், முடிவையும் நீயே சொல். மாப்பிள்ளை நடுவில் புகுந்து அதிகாரம் பண்ணினால் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடு.

அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். தெரியும்...

இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை வந்து நின்றுவிட்டாள். “ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்னு புள்ளைக்கு எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டே இருக்கறேன்” என்றேன்.