செவலைக்குப் பயம் போன விதம்

சாக்குக்குள்ளேயே அது மூத்திரம் பெய்து என் சட்டையும் நனைந்துபோனதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. வெம்பக்கோட்டைச் சாலையில் ஒரு பட்டாசு ஆலை தீப்பிடித்து, மிச்சத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் போன பிறகும் வாசலை விட்டு நகராமல் கிடந்த நாய் அது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்திருந்தது. இரண்டாயிரத்துகளின் தொடக்கம். நான் பக்கத்தில் இன்னொரு கம்பெனியில் போர்மேன். போகும்போதும் வரும்போதும் பார்த்து மனசு கேட்காமல், ஒருநாள் சாக்கில் போட்டு மொபெட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் மனைவி திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். செவலை என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

புண் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. எங்கள் ஊரில் கல்யாணமோ சாவோ, வெடிச் சத்தம் கேட்காத நாள் கிடையாது. எங்கேயோ ஒரு சரம் வெடித்தாலும் செவலை கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். மனைவி தரையில் உட்கார்ந்து கையை மட்டும் உள்ளே நீட்டி வைத்திருப்பாள். அது வெளியே வர ஒரு மணி நேரம்கூட ஆகும். எனக்குப் பொறுக்கவில்லை. போர்மேன் வீட்டு நாய் வெடிக்குப் பயப்படுவதா என்ற வெட்கமும் அதில் இருந்தது.

கம்பெனிக்குப் பின்னால் பொட்டலில் சாயங்காலம் சாம்பிள் வெடித்துப் பார்ப்போம். அங்கே கொண்டுபோய் ஒரு உடைமரத்தில் செவலையைச் சங்கிலியால் கட்டினேன். முதல்நாள் அது மண்ணைப் பறித்து முகத்தை உள்ளே புதைத்துக்கொண்டது. வெடித்து முடிந்ததும் பொறை ரொட்டி கொடுத்தேன், தின்னவில்லை. மறுநாளும் கட்டினேன். "வேண்டாங்க, அது செத்துரும். இப்படியா பழக்குவீக?" என்றாள் மனைவி. "கோயில் யானை கொட்டுக்குப் பழகலையா? எல்லாம் பழக்கந்தான்" என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக மரத்தை மாற்றி, வெடிக்கிற இடத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தேன்.

ஐந்தாறு மாதத்தில் செவலை அசையாமல் உட்காரத் தொடங்கியது. சீசனுக்கு ஆர்டர் கொடுக்க வந்த வெளியூர் வியாபாரிகள் முன்னால், அணுகுண்டு வெடிக்க, அது கொட்டாவி விட்டது. முதலாளி என் முதுகில் தட்டினார். அன்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். மனைவி உள்ளே போய் எவர்சில்வர் குடத்தை எடுத்து வந்து, வாசலைப் பார்த்துப் படுத்திருந்த செவலையின் பின்னால் தரையில் ஓங்கிப் போட்டாள். தெருவே திரும்பிப் பார்த்தது. செவலை திரும்பவில்லை.

"பயம் போகலைங்க. காதுதான் போயிருச்சு" என்றாள். அவளுக்கு ஒரு வாரமாகவே சந்தேகம். கூப்பிட்டால் வராமல், தட்டைக் கண்ணால் பார்த்தால் மட்டும் வந்திருக்கிறது.

கால்நடை மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இனி கேட்காது என்றார். "எப்படி ஆச்சு? வெடிக்குப் பக்கத்துல இருந்துச்சா?" என்று கேட்டார். "பட்டாசு ஊருல்ல சார், எங்கன பார்த்தாலும் சத்தந்தான்" என்றேன். மனைவி பக்கத்தில்தான் நின்றாள். என்னைப் பார்க்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அதன்பிறகு அவள்தான் பழக்கினாள். உள்ளங்கையை விரித்தால் உட்கார வேண்டும். தொடையைத் தட்டிக் காட்டினால் வர வேண்டும். தரையைக் காலால் இரண்டு தரம் உதைத்தால் அந்த அதிர்வுக்குத் திரும்ப வேண்டும். என்னிடம் ஆறு மாதம் கற்றதைவிட அவளிடம் ஒரு மாதத்தில் அதிகம் கற்றுக்கொண்டது. ஒருநாள் நடக்கக் கூட்டிப்போகலாம் என்று நான் சங்கிலியை எடுத்தேன். செவலை நின்ற இடத்திலேயே நடுங்கி மூத்திரம் பெய்தது. சங்கிலியை அன்றே கிணற்றில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து செவலை வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தீபாவளிக் காலையில் தெருவெல்லாம் புகையாக இருக்க, வாசலில் அது நிம்மதியாகத் தூங்கும். "எம்புட்டு தைரியமான நாய்! எப்படிப் பழக்குனீக?" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். நான் சிரித்துவைப்பேன். செவலை வயதாகிச் செத்த பிறகும் அந்தப் பேர் எனக்கு நிலைத்துவிட்டது.

சென்ற மாதம் எதிர்வீட்டுக்குக் குடிவந்த ஆசிரியை, தெருவில் கண்டெடுத்த குட்டியோடு வந்தார். வெடிச் சத்தத்துக்கு நடுங்குகிறதாம். "நீங்க நல்லாப் பழக்குவீகன்னு எல்லாரும் சொல்றாங்க சார்" என்றார். உடைமரத்திலிருந்து மருத்துவரிடம் சொன்ன பொய் வரைக்கும் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அந்தக் கோபத்தை என்மேல் காட்ட வேண்டியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இன்றுவரை காட்டவில்லை. மற்றது, கடைசிவரை என் கையை நக்கிக்கொண்டே இருந்தது.