திரும்பி வந்தால் என்ன கேட்பீர்கள்?

கடலூர் பஸ் ஸ்டாண்டில் போய்ப் பொன்னுரங்கம் என்று விசாரித்தால், "எந்தப் பொன்னுரங்கம்?" என்பார்கள். 'ரிவர்ஸ் ரங்கம்' என்று கேட்டால் போதும், டீ ஆற்றிக்கொண்டிருக்கிற மாஸ்டர்கூடக் கையை நீட்டி வழி காட்டுவார். வயது ஐம்பத்தாறு. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை. ஒரு மனிதரை இடித்ததில்லை, ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட நசுக்கியதில்லை. அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஊர் வைத்த பெயர் இது. ஊருக்கு என்றைக்கு நியாயம் தெரிந்திருக்கிறது!

பெயர் வந்த கதை சின்னதுதான். பதினைந்து வருடத்துக்கு முன்பு அவர் கடலூர் – சிதம்பரம் தடத்தில் ஒரு தனியார் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐப்பசி மாதம், பேய் மழை. புதுச்சத்திரம் தாண்டி ரோட்டுக்கு மேலே தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்த்தார். ரோடு எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. திரும்பவும் ஏறி உட்கார்ந்தார், ரிவர்ஸ் எடுத்தார், இருந்த நாற்பது பேரையும் கடலூரிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

பின்னாலேயே வந்த இன்னொரு கம்பெனி பஸ், ஹாரன் அடித்துக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறிப் போய்விட்டது. அதை ஓட்டியவன் வேறு யாருமில்லை, ராஜ்கமல். பொன்னுரங்கத்தின் மனைவி சௌந்தரத்தின் கூடப்பிறந்த தம்பி.

"அவன் போனான்ல? ஒனக்கு மட்டும் என்னா வந்துச்சி?" என்று கேட்டார் முதலாளி. ஏன் திரும்பினேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். பொன்னுரங்கம் பேனாவை எடுக்கவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் இன்றுவரை டவுன் பஸ்தான். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் ராஜ்கமல், "வாங்க ரிவர்ஸ் மாமா" என்பான். சிரிப்பார். உள்ளே முள்ளாகக் குத்தும்.

அந்த மழை நாளில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அவர் மகள் சிந்துஜா, இப்போது பைலட். அண்ணாகிராமத்தில் இருந்த முந்திரித்தோப்பு முழுக்க அவள் படிப்பில் போனது. போனால் போகட்டும். டவுன் பஸ் டிரைவர் மகள் விமானம் ஓட்டப்போகிறாள் என்றால் சும்மாவா!

ஆனால் எந்தக் கம்பெனி விமானம் என்பதில்தான் சிக்கல் வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு கம்பெனிகள் வேலைக்குக் கூப்பிட்டு எழுதியிருந்தன. இரண்டும் சின்ன ஊர்களுக்குப் பறக்கிற கம்பெனிகள். 'ஸ்கைரதம்' பெரியது. முப்பது விமானம், ஹைதராபாத்தில் வாசம், நாலு வருடத்தில் கேப்டன் ஆகலாம், சீக்கிரமே ஜெட் விமானங்கள் வாங்கப்போகிறார்கள். 'பினாகினி ஏர்' சின்னது. மொத்தமே ஐந்து விமானம், ஐந்தும் இறக்கையில் விசிறி வைத்தவை. சம்பளம் குறைச்சல், ஒரு நாளைக்கு நாலு ஊரில் இறங்கி ஏற வேண்டும், கேப்டன் ஆக ஏழு வருடமாவது ஆகும்.

சிதம்பரம் மாலைகட்டித் தெருவில் ராஜ்கமல் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினார்கள். இட்லியும் கொத்சும் தட்டில் இருக்க, பேச்செல்லாம் விமானத்தைப் பற்றித்தான். ராஜ்கமல் இப்போது சொந்தமாக இரண்டு வேன் வைத்து ஓட்டுகிறான், ஆகையால் அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை.

"இதுல யோசிக்க என்னா இருக்கு மாமா? ஸ்கைரதந்தான். எக்ஸ்பிரஸ் கெடைக்கும்போது எவனாச்சும் டவுன் பஸ்ல ஏறுவானா?"

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவருக்கும் அதே எண்ணம்தான். தன் கையை விட்டுப் போன எக்ஸ்பிரஸில் மகளாவது உட்காரட்டும் என்று ஆசைப்பட்டார். அதில் தப்பென்ன?

சிந்துஜா கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள். "நான் பினாகினிக்கு சரின்னு எழுதிட்டேம்ப்பா."

"என்னாது!" பொன்னுரங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "காத்தாடி வச்ச ப்ளேனுக்கா எங்கப்பா தோப்ப வித்தேன்? யார கேட்டு எழுதுன?"

"ரெண்டு கம்பெனியையும் கேட்டேன்."

"என்னா கேட்ட?"

"எறங்கப்போற ஊர்ல மழை, எனக்குச் சரியாப் படல. எறங்காம திரும்பி வந்துட்டேன். அன்னிக்கி என்னை என்னா கேப்பீங்கன்னு கேட்டேன்."

சௌந்தரம் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"ஸ்கைரதத்துல ஒருத்தர் ரொம்ப மரியாதையாத்தான் பேசுனாரு. அதே நேரத்துல வேற ப்ளேன் எறங்கியிருக்கான்னு பாப்போம், எறங்கியிருந்தா நீங்க ஏன் எறங்கலன்னு எழுதிக் கேப்போம்னாரு."

"அந்தக் காத்தாடிக்காரன்?" என்றான் ராஜ்கமல்.

"அங்க சீஃப் பைலட்டே பேசுனாரு மாமா. சாப்டியான்னு கேப்போம்மா, வேற என்னா கேக்குறதுன்னாரு."

பொன்னுரங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, கீழவீதி வரை நடந்தார். அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதே சமயம் பயமும் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தவனுக்கு இந்த உலகத்தில் என்ன மரியாதை கிடைக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அந்தப் பாழாய்ப்போன பெயர் தன்னோடு போகாமல் பிள்ளையையும் பிடித்துக்கொண்டால்?

சிந்துஜா பினாகினியில் சேர்ந்தாள். பயிற்சியெல்லாம் முடிந்து, கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை, பெங்களூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு வருகிற விமானத்தில் கேப்டனுக்குப் பக்கத்து சீட்டில் அவள். சொந்த பூமிக்குப் பக்கத்தில் முதல் தடவை இறங்கப்போகிறாள். சும்மா விடுவார்களா? ராஜ்கமல் வேனில் பதினான்கு பேர் கிளம்பினார்கள். சம்பங்கி மாலை ஒன்று, பொன்னாடை ஒன்று. வழியெல்லாம் தூறல்.

லாஸ்பேட்டை ஏர்போர்ட் வாசலில் கூரைக்கடியில் நெருக்கியடித்து நின்றார்கள். மழை வலுத்தது. பன்னிரண்டரை மணிக்கு விசிறிச் சத்தம் கேட்டது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு இரண்டு விளக்கு தெரிந்தது. "தோ வந்துட்டா! தோ!" என்று சௌந்தரம் கத்தினாள். விமானம் தாழ்ந்தது, தாழ்ந்தது, சட்டென்று மூக்கைத் தூக்கிக்கொண்டு இரைச்சலோடு மேகத்துக்குள் ஏறிப் போய்விட்டது.

கால் மணி நேரம் காத்திருந்தார்கள். விமானம் சென்னைக்குத் திரும்பிவிட்டது என்று உள்ளேயிருந்து வந்தவர் சொன்னார்.

அதோடு போயிற்றா? அரை மணி கழித்து, மழை கொஞ்சம் விட்ட நேரத்தில், ஸ்கைரதம் விமானம் வந்து ஜம்மென்று இறங்கியது. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் பொன்னுரங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், "அவன் எறங்கிட்டானே..." என்று இழுத்தார். இன்னொருவர், "அப்பன மாதிரியே ரிவர்ஸ்" என்று முடித்தார்.

"ஆமாய்யா!" பொன்னுரங்கம் போட்ட சத்தத்தில் டாக்சிக்காரர்கள் திரும்பினார்கள். "என்னை மாதிரியேதான்! எம்பொண்ணு திரும்பிட்டா! எழுபது உசுரு அவகிட்ட இருந்துச்சி, பத்திரமா திருப்பிக் கொண்டு போயிட்டா! எவன்யா சிரிக்கிறது? நல்லா சத்தமா சிரிங்க!" நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பதினைந்து வருடமாக அந்த நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

செல்போன் அடித்தது. அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"அப்பா, எல்லாரும் மழையில நிக்கிறீங்களா? சென்னைக்கு வந்துட்டோம்ப்பா."

"யாரும்மா திரும்பலாம்னு சொன்னது?"

"நான்தாம்ப்பா. எனக்கு ரன்வே சரியாத் தெரியல, வேணாம்னு சொன்னேன். கேப்டன் அந்த நிமிசமே தூக்கிட்டாரு, ஏன்னு ஒரு வார்த்த கேக்கல."

"கம்பெனில? என்னா கேட்டாங்க?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "சாப்டியான்னு கேட்டாங்கப்பா."

சௌந்தரம் போனை வாங்கிக்கொண்டாள்.

ராஜ்கமல் வேனுக்குப் போய்ச் சம்பங்கி மாலையைக் கொண்டுவந்தான். யாரும் எதிர்பார்க்கவில்லை, அதைப் பொன்னுரங்கத்தின் கழுத்தில் போட்டான்.

"என்னாடா மச்சான் இது, கிண்டலா?"

"இல்ல மாமா." ராஜ்கமல் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "அன்னிக்கி புதுச்சத்திரத்துல, நடுத்தண்ணியில பின்சக்கரம் வாய்க்கா பக்கம் நகந்துச்சி. நாப்பத்தஞ்சு பேரு வண்டியில. எப்பிடி அந்தாண்ட ஏறுனேன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. சிதம்பரம் ஸ்டாண்டுல வண்டிக்குப் பின்னாடி போயி வாந்தி எடுத்தேன். ஊரே என்னைத் தோள்ல தூக்குச்சி. அதனால யார்கிட்டயும் சொல்லல."

மழை முற்றிலும் விட்டிருந்தது. பொன்னுரங்கம் மச்சானையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்பட எவ்வளவோ இருந்தது. வந்தது கோபமில்லை.

"அன்னிக்கி சாப்டியாடா?" என்று கேட்டார்.

ராஜ்கமல் இல்லையென்று தலையாட்டினான். அவன் கண் கலங்கிவிட்டது.

"சரி, வண்டிய எடு. எல்லாரும் சாப்புட்டே போவலாம்."

மாலையைக் கழற்றாமலே வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.