கீறல் விழாத மீன்

எங்கள் கரையில் என்னைப்போல் பொய்மீனுக்கு வர்ணம் பூசக்கூடியவர் அப்போது ஒருவரும் இருக்கவில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்வதென்றால் இன்னும் நிறையச் சொல்லலாம். எனக்கு அப்போது பத்து வயது. அறுக்குளா என்கிற பெரிய மீனை ஏமாற்றிப் பிடிப்பதற்காகப் படகின் பின்னால் நூலில் கட்டி இழுத்துப் போகிற மரமீனைத்தான் பொய்மீன் என்போம். கடையில் வெளிநாட்டுப் பொய்மீன்கள் விற்கும். விலையைக் கேட்டால் அறுக்குளாவே வேண்டாம் என்றாகிவிடும். ஆகவே அப்பா முள்முருக்கங் கட்டையில் தானே செதுக்கி, வயிற்றில் ஈயம் வைத்து, எங்களிடம் தந்துவிடுவார். எங்களிடம் என்றால் என்னிடமும் மாமியிடமும். மாமி அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார்.

பின்விறாந்தையில் வேலை நடக்கும். முதலில் உடல் முழுக்க வெள்ளிப் பூச்சு. அது காய்ந்ததும் பழைய வலைத்துண்டை இறுக்கிச் சுற்றி, அதற்கு மேலே நீலப் பெயின்ற்றைப் பஞ்சால் ஒற்றுவேன். வலையைக் கழற்றினால் செதில் செதிலாக நிற்கும். அது என் கண்டுபிடிப்பு என்று இன்றும் சாதிக்கிறேன். அப்பா தன்னுடையது என்கிறார். கண் வைப்பது மாமியின் பங்கு. ஆணித் தலையை வெள்ளைப் பெயின்ற்றில் தோய்த்து ஒரு பொட்டு. அது நன்றாகக் காய்ந்த பிறகு நெருப்புக்குச்சியால் கறுப்புப் பொட்டு. அவசரப்பட்டால் கறுப்பு வழிந்து மீன் அழுததுபோல் ஆகிவிடும். ஆறுதலாக ஒரு தேநீர் குடித்து, நாலு கதை கதைத்து முடிக்கும் நேரமாவது பொறுக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே நான் வார்னிஷ் அடிப்பேன். பூச்சில் பிழை வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். அதனால்தான் அந்த மோட்டார் சைக்கிள்காரர் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

அவர் பக்கத்து ஊர்க்காரர். சொந்தப் படகு வைத்திருந்தார். எங்களிடம் நாலைந்து பொய்மீன் வாங்கிப் போனவர், அடுத்த கிழமையே ஒன்றைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, இதுக்குக் கண் அழிஞ்சு போச்சு. ஒருக்கா வைச்சுத் தரலாமோ?"

மாமி வைத்துக் கொடுத்தார். வெள்ளை காயும்வரை அவர் விறாந்தையில் இருந்தார். அடுத்த கிழமை இன்னொன்று வந்தது. அதற்கும் கண்தான். அன்றைக்கும் அப்பா சந்தைக்குப் போயிருந்த நேரம்தான்.

நான் விசாரணையில் இறங்கினேன். மீன் கடித்தால் பல் வயிற்றிலும் வாலிலும் பதியும். தூண்டில் முள் தொங்குவது அங்கேதான். இவருடைய மீன்களுக்கோ வயிறும் வாலும் நேற்றுப் பூசியதுபோல் பளபளத்தன. கண்ணில் மட்டும் நேர்நேராகக் கத்திக் கீறல். இவ்வளவையும் கண்டுபிடித்த நான் கடைசியில் வந்த முடிவு, மனிதர் பொய்மீன்களைக் கத்தி கிடக்கிற பெட்டியில் போட்டு உருட்டுகிறார் என்பது.

"உந்த மீனை எங்கை கொண்டுபோய்த் தேய்க்கிறியள்?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

அவர் நெளிந்தார். மாமி குனிந்து கறுப்புப் பொட்டு வைத்தார். அது கோணலாகிவிட்டது, மாமியின் கை அப்படிப் பிசகுவதேயில்லை.

அந்த நாட்களில் மாமிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் படம் அப்பாவின் போனில் இருந்தது. தை பிறந்ததும் பதில் சொல்லவேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பார். மாமி கேட்டுக்கொண்டே மீனுக்குக் கண் வைப்பார். எனக்கு அதில் ஒரு அக்கறையும் இருக்கவில்லை. என் கவலையெல்லாம் வார்னிஷைப் பற்றியது.

படகுக்கு ஒட்டுப்போட அப்பா வைத்திருந்த றெசின் நினைவுக்கு வந்தது. பைபர் படகையே உடையாமல் காக்கிற சாமான் ஒரு கண்ணைக் காக்காதா? இறுக வைக்கும் மருந்துத் துளிகளைக் கலந்து முதல் மீனில் பூசியபோது, பெயின்ற் சுருங்கிப் பொரித்த அப்பளம்போல் எழும்பிவிட்டது. அடுத்ததில் வார்னிஷ் அடித்து, முற்றாகக் காயவிட்டு, அதற்கு மேல் மெல்லப் பூசினேன். ஒரு பக்கமாக வழியாமலிருக்க, இறுகும்வரை கையில் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தேன். காய்ந்த பிறகு கத்தியால் கண்ணைச் சுரண்டிப் பார்த்தேன். கத்திதான் வழுக்கியது.

அவர் அடுத்தமுறை வந்தபோது அவருடைய எல்லா மீன்களையும் கொண்டுவரச் சொல்லி வாங்கி வைத்து, அதேபோல் பூசிக் கொடுத்தேன்.

"இனி நீங்கள் வரத் தேவையில்லை" என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், மனிதரின் முகம் செத்துப்போயிற்று.

சொன்னதுபோலவே அவர் வரவில்லை. கிழமைகள் போயின. மாமி சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் என் பக்கத்தில் வந்திருந்து, "உந்தப் பூச்சைக் கொஞ்சம் மெல்லிசாப் பூசினால் காணாதோ?" என்று கேட்டார்.

"காணாது. கீறல் விழும்."

"விழட்டுமன்."

இப்படிப் பொறுப்பில்லாமல் கதைக்கிற ஆளோடு எப்படி வேலை செய்வது? எனக்கு எரிச்சலாக வந்தது.

மார்கழி முடியப்போகிற ஒரு பின்னேரம், அப்பா வீட்டில் இருக்கும்போதே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு பொய்மீன். அப்பாவிடம் நீட்டப்போனதை நான் இடையில் பறித்து, வெளிச்சத்தில் பிடித்துத் தலையிலிருந்து வால்வரை பார்த்தேன்.

"ஒரு கீறலும் இல்லை. பிறகு என்னத்துக்குக் கொண்டுவந்தனீங்கள்?"

அவருக்கு வியர்த்து ஒழுகியது.

"பழுது ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "அண்ணை, உங்களோடைதான் கதைக்க வந்தனான். இவ்வளவு நாளும் பயத்திலை..." என்று நிறுத்தினார்.

அப்பா மீனை என்னிடமிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணைப் பெருவிரலால் தடவினார். பிறகு குசினி வாசலில் நின்ற மாமியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓமோ?"

அப்பாவுக்கு முன்னால் எப்போதும் நிலத்தைப் பார்த்துக் கதைக்கிற மாமி, அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "ஓம் அண்ணை."

என் பூச்சில் கீறல் விழாது என்பதற்குத்தான் மாமி சாட்சி சொல்கிறார் என்று நினைத்தேன். கடைசியிலாவது உண்மையை ஒப்புக்கொண்டாரே என்று, அந்த இடத்திலேயே மாமியை மன்னித்துவிட்டேன்.