கல்லூரிக்கு வைத்த மொய்

மொய் வைத்தால் ஒருநாள் திரும்பி வரும் என்பார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு வராது. இதை முப்பத்துநான்கு வயதில், பெங்களூர் ஒக்கலிபுரத்தில் என் சித்தி வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. அவளுடைய பெண்களின் சடங்கு, கல்யாணம், பேரன் காதுகுத்து எதையும் நான் விட்டதில்லை. சம்பளம் வாங்கிய நாளிலிருந்து வைத்துக்கொண்டே இருந்தேன். சித்தி வீட்டுக்கு மட்டுமல்ல, எங்கள் சொந்தத்தில் எல்லா வீட்டுக்கும். இப்போது மாலைக் கல்லூரியில் பி.காம். சேரப் பணம் வேண்டும், நான் வைத்ததைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாடி பேசற? மொய்ய எவளாவது வாய் தொறந்து கேப்பாளா? ஒரு விசேஷம் வை, வந்து வச்சிட்டுப் போறோம். கல்யாணம் பண்ணிக்கோ, தானா வரும்."

"இந்த வயசுல காலேஜுக்குப் போறவள எவன் கட்டுவான்?" என்றார் சித்தப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப் படுத்தபோது நான் பி.யூ.சி. முடித்திருந்தேன். வீட்டில் ஒருவரைத்தான் மேலே படிக்கவைக்க முடியும். "அவன் ஆம்பளப் பையன், அவன் படிக்கட்டும்" என்று அம்மா முடிவு செய்தாள். தம்பியைவிட எனக்கு மார்க் அதிகம் என்பதை யாரும் பேசவே இல்லை. நான் பெங்களூருக்கு வந்து, ஹெப்பகோடியில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை பாக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தச் சம்பளத்தில்தான் தம்பி டிப்ளமா முடித்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இல்லை, குறையாகத்தான் சொல்கிறேன்.

அப்பா போன பிறகு அம்மாவும் தம்பியும் இங்கேயே வந்துவிட்டார்கள். தம்பிக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, ஒரு மகனும் பிறந்தான். எல்லோரும் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். நான் பாக்கிங் லைனிலிருந்து மெல்ல மெல்ல ஸ்டோர்ஸ் ஆபீசுக்கு நகர்ந்திருந்தேன். உட்கார்ந்து செய்யும் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது, கூடவே ஒரு புது மேனேஜர் வந்தார். டிகிரி இல்லாதவர்கள் ஆபீசில் இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். "இந்த வருஷமே காலேஜ்ல சேர்ந்து ரசீது கொண்டு வாங்க, மூணு வருஷம் டைம் தரேன். இல்லன்னா லைனுக்குத் திரும்பிப் போயிடுங்க" என்றார். லைன் என்றால் நாள் முழுக்க நின்றே செய்ய வேண்டும். என் கால் நரம்புகள் ஏற்கெனவே புடைத்திருந்தன. ஆனால் உண்மையில் என்னை உலுக்கியது கால்வலி இல்லை. ஒருமுறை படிப்பை விட்டுக்கொடுத்துவிட்டு இறங்கியவள் நான். இரண்டாம் தடவையும் இறங்க முடியாது என்று தோன்றியது.

சம்பளத்தில் பாதி வீட்டுக்குப் போகும். மீதியில் என் பஸ் செலவும் ஊராருக்கு மொய்யும் போக, கையில் எதுவும் நிற்காது. தம்பியிடம் கேட்டேன். "இந்த வருஷம் கஷ்டம்க்கா" என்றான். அதற்கு முந்தின மாதம்தான் மகனுக்கு மண்டபம் பிடித்துக் காது குத்தியிருந்தான்.

விசேஷம் வை என்றுதானே சித்தி சொன்னாள்? வைத்தேன்.

ஸ்ரீராமபுரத்தில் பத்திரிகை அடிக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் மாதிரிகளை எடுத்துப் போட்டு, "கல்யாணமா, காதுகுத்தா?" என்று கேட்டார். "கல்லூரிச் சேர்க்கை விழா" என்றேன். "பொண்ணுக்கா?" என்றார். "எனக்கு" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிள்ளையார் படம் போடலாமா என்று மட்டும் கேட்டார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நான் மொய் வைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்க் கொடுத்தேன். சந்தாபுராவில் இருந்த ஒரு பெரியப்பா வாங்கிப் படித்துவிட்டு டீப்பாயில் வீசினார்.

வீட்டில் ரகளை. "ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கிறானுங்க, என் மானம் போவுது" என்று தம்பி கத்தினான். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நிறுத்தட்டும் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு மொட்டைமாடியில் சாமியானா கட்டினேன். பிரியாணி போட்டால் வருகிற மொய் பிரியாணிக்கே போய்விடும். அதனால் எலுமிச்சம் சோறு, வடை, பாயசம், எல்லாம் நானே சமைத்தது. சொந்தக்காரர்கள் வந்தார்கள். வராமல் இருப்பார்களா, வேடிக்கை பார்க்க வேண்டாமா! வயிறாரச் சாப்பிட்டார்கள். "மொய் விருந்துக்கு எலுமிச்சம் சோறு போட்ட மகராசி இவதான்" என்று ஒரு அத்தை கை கழுவிக்கொண்டே சொன்னாள். எங்கள் விசேஷங்களில் வழக்கமாக மொய் எழுதும் மாமா பேனாவைத் தொட மாட்டேன் என்றார். "கல்யாணப் பொண்ணும் நீயே, கணக்கப்புள்ளையும் நீயேவா?" என்று யாரோ கேட்க, மாடி முழுக்கச் சிரிப்பு. நானே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முன்னால் தாம்பாளம் காலியாக இருந்தது. ஒருவரும் அருகில் வரவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, எனக்கு எப்போது அழுகை வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

அப்போதுதான் ஹெப்பகோடியிலிருந்து என் லைன்காரிகள் வந்தார்கள். இரண்டு பஸ் மாறி, ஞாயிற்றுக்கிழமைப் பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு. அவர்களில் பாதிப் பேர் கன்னடக்காரிகள். அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கும் நான் வைத்திருந்தேன். முன்னால் வந்தவள் கவரைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, "நம்மல்லூ முய்யி இதெ அக்கா, எங்க பக்கமும் மொய் உண்டு. வாங்கினத வெக்காம இருந்தா சாப்பாடு ஜீரணம் ஆகுமா?" என்று பாதி கன்னடமும் பாதி தமிழுமாக, மாடிக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அவள் பின்னால் மற்றவர்கள் வரிசையாக வைத்தார்கள்.

வேற்று ஜாதி, வேற்று பாஷைக்காரிகள் வைக்கும்போது சொந்தம் சும்மா உட்கார முடியுமா? முதலில் சந்தாபுரா பெரியப்பா எழுந்தார். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எல்லோரும் எழுந்தார்கள். சித்தி கடைசியாக வந்து, நான் அவளுக்கு வைத்ததில் பாதியைக்கூட வைக்காமல், "பாஸ் பண்ணு பாக்கலாம்" என்றாள். நான் தொகையை உரக்கப் படித்துத்தான் எழுதினேன்.

முதல் வருஷக் கட்டணம் தேறியது. அடுத்த இரண்டு வருஷங்களுக்கு வழி எளிதாக இருந்தது. யார் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை, மொய் வைப்பதில்லை என்று நிறுத்திக்கொண்டேன். அந்தப் பணமே கல்லூரிக்குப் போதுமானதாக இருந்தது. இத்தனை வருஷம் எத்தனை டிகிரிகளைப் பந்தியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போது உறைத்தது. கஞ்சம், திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது. வந்தால் வரட்டும்.

சேர்க்கை அன்று கல்லூரி கிளார்க், பையனுக்கா அட்மிஷன் என்று கேட்டார். வகுப்பில் ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். கம்பெனி வேனில் மார்க்கெட் வரை வந்து, அங்கிருந்து ஓடினால்தான் முதல் பீரியடில் பாதியாவது கிடைக்கும். புள்ளியியலில் ஒரு தடவை தோற்று, கழிவறையில் நின்று அழுதுவிட்டு மறுபடி எழுதினேன். கடைசி வருஷம் முதல் வகுப்பு வந்தது. மேனேஜர் மார்க் பட்டியலை இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஸ்டோர்ஸ் நாற்காலி எனக்குத்தான் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரமே தம்பி ஒரு பத்திரிகையைக் கொண்டு வந்து காட்டினான். அடித்தே முடித்துவிட்டான். மண்டபம், பிரியாணி, அக்காவின் பட்டமளிப்புப் பாராட்டு விழா. அழைப்பவர் என்று கீழே கொட்டை எழுத்தில் அவன் பெயர்.

"இப்ப மானம் போகலையா?" என்றேன்.

"அது அப்போ. ஆபீஸ்ல எல்லாருக்கும் நான் வச்சிருக்கேன்க்கா. பையனுக்குக் காதும் குத்தியாச்சு. நம்ம வீட்ல அடுத்த விசேஷம் எப்போ வரப்போவுது?"

வர மாட்டேன் என்றேன். பத்திரிகையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன், இனி நிறுத்த முடியாது என்றான். விழா வைத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஷிப்ட் கேட்டு வாங்கி வேலைக்குப் போனேன். என்னுடைய டிகிரிக்கு நான் இல்லாமலேயே விழா நடந்தது. அக்காவுக்கு ஷிப்ட் மாற்ற முடியவில்லை என்றானாம். யாரும் மறுவார்த்தை கேட்கவில்லை. வயிறாரச் சாப்பிட்டு, வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மாலை நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தம்பி ஒரு கவரை நீட்டினான். "உன் பங்கு, எடுத்துக்கோக்கா" என்றான்.

"பங்கு இல்ல. முழுசும் குடு."

"நான் வச்சதுதானேக்கா திரும்பி வந்திருக்கு?"

"நீ டிப்ளமா முடிச்சது யார் பணத்துல? எடு."

கதவருகில் அப்படியே நின்றேன். உள்ளே போகவில்லை. தம்பி பெண்டாட்டி எழுந்து ரூமுக்குள் போய்விட்டாள். அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் தன் பக்கம் பேசுவாள் என்ற நம்பிக்கை அவனுக்கு. அம்மா மண்டபத்திலிருந்து கொண்டுவந்த பிரியாணியைக் குண்டானிலிருந்து பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"குடுத்துடுடா" என்றாள். "அன்னிக்கே அவளத்தான் படிக்க வச்சிருக்கணும்."

இத்தனை வருஷம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் எரிந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. கேட்டால் மனம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. இது தெரிந்தேதானா இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று முன்பைவிட அதிகமாகக் கோபம் வந்தது. தம்பியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொண்டேன். அம்மா போட்டுக் கொடுத்த பிரியாணியைச் சாப்பிடவில்லை.